இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்

வாசகர் கேள்வி – பதில்

துபாயில் ஒரு ஓட்டல் இசைக்குழுவில் மூன்று வருடம் கீபோர்டு வாசித்ததைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். எகிப்து, சிரியாக்காரர்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்த காலம் அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: அரபு இசையை இன்றைய எலெக்ட்ரானிக் நடன இசையோடு சேர்ப்பது எப்படி, சேர்க்கலாமா, சேர்த்தால் ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது. சாலிகிராமத்தில் இருக்கிற என் சின்ன ஸ்டுடியோவில் பிள்ளைகளோடு நான் மணிக்கணக்காகப் பேசுகிற விஷயமும் இதுதான். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அக்கா, நான் கானா பாடுவேன், லேப்டாப்பில் டிராக்கும் போடுவேன். சாஃப்ட்வேரில் ‘அராபிக் ஸ்கேல்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் எந்த மெட்டைப் போட்டாலும் பேரீச்சம்பழ விளம்பரம் மாதிரியே வருகிறது. நிஜமான அரபுப் பாட்டில் இருக்கிற உருக்கம் வரவில்லை. எங்கே தப்பு?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது தம்பி. அந்த ஸ்கேலை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பெரும்பாலும் சட்ஜத்துக்கு (ஸ) மேலே சுத்த ரிஷபம் (ரி), அந்தர காந்தாரம் (க), சுத்த மத்யமம் (ம), பஞ்சமம் (ப), சுத்த தைவதம் (த), காகலி நிஷாதம் (நி) என்று வரும். நம் பிள்ளைகள் சரளி வரிசை படிக்கிற மாயாமாளவகௌளைதான் அது. அரபியில் அதை ஹிஜாஸ் கார் என்பார்கள். நாம் ராகம் என்று சொல்கிற இடத்தில் அவர்கள் மகாம் என்று சொல்கிறார்கள். மகாம்கள் எத்தனையோ இருக்க, பியானோ கட்டையில் அப்படியே வாசிக்க முடிகிறது, கேட்டவுடன் ‘அரபு’ என்று தெரிகிறது என்பதற்காக இந்த ஒரு வாசனையை மட்டும் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள். 

அரபு ஊர்களில் ஜனங்கள் பாடி ஆடுகிற பாட்டுகளில் பெரிய பங்கு ராஸ்த், பயாத்தி போன்ற மகாம்களில் இருக்கிறது. அவற்றின் சில ஸ்வரங்கள் கீபோர்டிலேயே கிடையாது. ராஸ்த்தின் காந்தாரம், சாதாரண காந்தாரத்துக்கும் அதற்கு ஒரு கட்டை மேலே இருக்கிற அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதன் நிஷாதம் கைசிகிக்கும் காகலிக்கும் நடுவில். பயாத்தியில் ரிஷபம் அப்படி: சுத்த ரிஷபமும் இல்லை, சதுஸ்ருதியும் இல்லை.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 1998, துபாயின் தேரா பகுதியில் ஒரு ஓட்டல். முதல் நாள் ஒத்திகை. ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசித்தவர் கெய்ரோக்காரர், அறுபது வயதுக்கு மேல், எல்லாரும் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். அவர் ஒரு பாட்டைத் தொடங்கினார். நான் சங்கராபரணம் என்று நினைத்துக் கூடவே போனேன். கையைத் தூக்கி நிறுத்தினார். சரி, காந்தாரம் தப்பு போலிருக்கிறது என்று அதை ஒரு கட்டை இறக்கி வாசித்தேன். மறுபடியும் நிறுத்தினார். எழுந்து வந்து, வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் விரல் நகத்தை வைத்து, “இங்கே” என்றார். அப்புறம் கீபோர்டிலேயே ஒரு பட்டனைத் தேடி அழுத்தினார். அரபு நாடுகளுக்கென்று தயாராகிற கீபோர்டுகளில், பன்னிரண்டு ஸ்வரங்களில் எதை வேண்டுமானாலும் பாதி அளவு இறக்கிக்கொள்ள அப்படி ஒரு வசதி உண்டு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் இறக்கிவிட்டு, “இப்போது வாசி” என்று சைகை காட்டினார்.

மந்தைவெளியில் சின்ன வயதில் வீணை கற்றபோது, கம்பியை அழுத்துகிற பித்தளை மெட்டுக்கு முன்பாக விரல் நழுவி எழும் ஓசைக்காக டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன். கிட்டத்தட்ட அதே ஓசைதான். அந்த இடத்தில் ஒரு முழு சங்கீதம் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் தேடுகிற உருக்கம் அந்த இடுக்கில் இருக்கிறது தம்பி.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் (சுருதியை அளக்கிற அலகு) தூரம். நமக்கு வேண்டியது 50 சென்ட் இறக்கம். பல சாஃப்ட்வேர் கருவிகளில், சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் பெண்ட் கீழ்ப்பக்கம் இரண்டு அரைஸ்வரம், அதாவது 200 சென்ட் வரை போகும். அந்தத் தூரம் 8192 படிகளாகப் பிரிந்திருக்கும். கால்வாசி என்றால் 2048. அந்தர காந்தாரம் ஒலிக்கிற நேரத்தில் மட்டும் பெண்டை மைனஸ் 2048இல் வையுங்கள். ராஸ்த்தின் காந்தாரம் வந்து நிற்கும். பெண்ட் அந்த டிராக்கில் ஒலிக்கிற எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும் என்பதால் மெட்டுக்குத் தனி டிராக் போட்டுவிடுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால் 2024இல் வந்த ஏபிள்டன் லைவ் 12 என்ற இசை சாஃப்ட்வேரில் சுருதி முறையையே மாற்றிக்கொள்ளலாம். கியாம் அல்லாமி என்ற ஈராக்கிய இசைக்கலைஞர் முயற்சியில் 2021இல் லைமா, அபோடோம் என்று இரண்டு கருவிகள் வந்தன. பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது.

50 சென்ட் என்பது தொடங்குவதற்கான இடம்தான். கெய்ரோவில் ஒரு அளவு, அலெப்போவில் கொஞ்சம் வேறு. துருக்கிக்காரர்களின் ராஸ்த்தில் அந்தக் காந்தாரம் இன்னும் நன்றாக மேலே ஏறி நிற்கும். ஒரு நல்ல பாடகரின் பழைய ரெக்கார்டிங்கை எடுத்து, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் காதால் பிடித்து உங்கள் அளவை வைத்துக்கொள்ளுங்கள். குரலின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோட்யூனைப் பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் திறந்து வைத்தீர்களானால் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த காந்தாரத்தை அது பக்கத்துக் கட்டைக்கு இழுத்துப் போய்விடும். ஜாக்கிரதை.

கார்டும், அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து வாசிப்பதும், வேண்டாம். மேஜர், மைனர் கார்டு எதுவானாலும் அதற்குள் ஒரு காந்தாரம் இருக்கிறது. அது உங்கள் மெட்டின் காந்தாரத்தோடு மோதும்; கேட்கிறவர்களுக்கு மெட்டுதான் சுருதி விலகியதாகத் தோன்றும். அடியில் ஒலிக்கிற பேஸை சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் மட்டும் நிறுத்துங்கள், தம்புரா மாதிரி. டெக்னோ என்கிற எலெக்ட்ரானிக் நடன இசையும் அரபு இசையும் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இரண்டும் ஒரே ஆதார சுருதியில் பத்து நிமிடம் நிற்கத் தயங்குவதில்லை.

கேள்வி: நஹாவந்த் என்றால் கீரவாணி, அஜம் என்றால் சங்கராபரணம், குர்த் என்றால் தோடி என்று ஒரு பட்டியல் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு ஒரு எலெக்ட்ரானிக் டிராக்குக்கு நான் பாடலாமா?
— சங்கீத மாணவி, மயிலாப்பூர்

ஸ்வரங்களை எண்ணினால் அந்தப் பட்டியல் ஏறக்குறைய சரிதான் அம்மா. பாடினால் சரிவராது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் பாடினால் உங்கள் குருவே அதைத் தோடி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அதே அசைவோடு குர்த்தைப் பாடினால் கெய்ரோக்காரர் அதைக் குர்த் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அவர்களுடைய அலங்காரம் வேறு. ஸ்வரத்தில் நின்று, சின்னச் சின்ன நடுக்கத்தோடு பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புவார்கள். நம் கமகம் போல நீளமாக ஆடாது.

மகாமை அவர்கள் ஏழு ஸ்வரமாக யோசிப்பதில்லை. மூன்று, நாலு, ஐந்து ஸ்வரங்கள் கொண்ட ஒரு துண்டை ஜின்ஸ் என்கிறார்கள். ஒரு ஜின்ஸில் தொடங்கி, மேலே இன்னொன்றுக்குப் போய், வழியில் வேறொரு மகாமுக்குள் நுழைந்து, சுற்றிவிட்டு வீடு திரும்புவது அவர்களுடைய வித்தை. ஒரே பாட்டுக்குள் மகாம் மாறுவது அங்கே சகஜம். முதலில் ஒரே ஒரு மகாமை எடுத்து மூன்று மாதம் கேளுங்கள். உங்கள் பயிற்சிக்கு அது போதும்.

பாடுவதற்கு இடம் எங்கே என்று கேட்டால், லயாலி. ‘யா லைல், யா ஐன்’ (இரவே, கண்ணே) என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தாளமில்லாமல் மகாமை விரிப்பது. நம் ஆலாபனைக்கு அக்கா தங்கை என்று சொல்லலாம். எலெக்ட்ரானிக் டிராக்கில் பீட் நின்று வெறும் வெளியாக இருக்கிற பகுதி அதற்காகவே செய்தது மாதிரி இருக்கும்.

நான் மேடையில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். லயாலி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சட்ஜத்தில் இறங்குகிற முடிப்புக்குக் கஃப்லா என்று பெயர். உஸ்தாத் கஃப்லாவைத் தள்ளிக்கொண்டே போவார். வரும் என்று நினைக்கும்போது இன்னொரு சுற்று சுற்றுவார். கடைசியில் இறங்கியதும் கூட்டம் ஒரே குரலில் “அல்லாஹ்!” என்று கத்தும், நம் சபையில் “பலே” என்று எழுமே, அது போல. இசையால் வருகிற அந்த மயக்கத்தைத் தரப் என்கிறார்கள். நடன இசைக்காரர்கள் ‘டிராப்’ என்று சொல்வது இதே இடம்தான். ஏற்றிக்கொண்டே போய், தாமதித்து, ஒரே அடியில் இறக்குவது. உங்கள் கஃப்லா சட்ஜத்தைத் தொடுகிற அதே கணத்தில் கிக் (டிரம்மின் கனமான அடி) உள்ளே வரட்டும். அதற்கு முன்னால் எட்டு பார் சத்தமாக ஏறுகிற இரைச்சல் எஃபெக்ட் எதுவும் வேண்டாம், குரலே போதும். தீர்மானம் சமத்தில் விழுகிற சுகம் தெரிந்த உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இதற்கென்று அரபு கீபோர்டு வாங்க வேண்டுமா? ரிச்சி தெருவில் பழையது கிடைக்குமா?
— குடும்பத்தலைவி, அம்பத்தூர்

வேண்டாம். இருக்கிற கீபோர்டும் லேப்டாப்பும் போதும், மேலே சொன்ன வழியில் போகலாம். பணம் செலவழிக்க ஆசையென்றால் ஒரு நல்ல தர்புகாவும் (கையால் தட்டுகிற அரபுத் தாள வாத்தியம்) மைக்கும் வாங்குங்கள். கையால் தட்டின ஒரு ஓசை உள்ளே வந்தால் டிராக்கின் முகமே மாறிவிடும்.

கேள்வி: நான் மேடைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறேன். தர்புகா லூப்பை ஹவுஸ் பீட்டின் மேல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கிற மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?
— டிரம்மர், போரூர்

லூப்பை விட்டுவிட்டு, முதலில் தாளத்தை வாயால் சொல்லுங்கள். நமக்குக் கொன்னக்கோல் இருப்பது போல அவர்களுக்கும் சொல் உண்டு: நடுவில் விழும் கனமான அடி தும், ஓரத்தில் விழும் கூர்மையான அடி தெக். எகிப்தில் மிகவும் புழங்குகிற மக்ஸூம் தாளத்தை எட்டு அட்சரமாக வைத்தால், தும் தெக் – தெக் தும் – தெக் –. மூன்றாவதும் ஆறாவதும் எட்டாவதும் காலி.

ஹவுஸ் என்கிற நடன இசையின் பீட்டில் கிக் எங்கே விழுகிறது? ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. ஒன்றிலும் ஐந்திலும் தும்மோடு சேர்ந்து விழுகிறது, நல்லது. ஏழில் தெக்கோடு சேர்கிறது, பரவாயில்லை. மூன்றில்தான் வினை. மக்ஸூம் தாளத்தின் அழகு அந்த மூன்றாவது அட்சரத்து மௌனத்தில் இருக்கிறது. ஓட்டம் அங்கே மூச்சை இழுத்து நாலாவதில் விடுகிறது. கிக் அந்த மூச்சை அடைத்துவிடுகிறது. நான் என்ன செய்வேன் என்றால், மூன்றில் விழும் கிக்கை எடுத்துவிடுவேன், அல்லது நன்றாகக் குறைத்துவிடுவேன். ஆட்டம் கெட்டுப்போகும் என்று பயப்படாதீர்கள், ஆடுகிறவர்களின் இடுப்பு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதே தாளத்தில் நாலாவது அட்சரத்துத் தெக்கைத் தும் ஆக்கினால் தெற்கே இருக்கிற மேல் எகிப்தின் ஸயீதி தாளம் ஆகிவிடும், கனம் கூடும். 3-3-2 என்று போகிற மல்ஃபூஃபும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் நாலு கிக்கையும் அப்படியே விட்டுவிடலாம்; 3-3-2 அதன் மேல் சவாரி செய்யும்.

அப்புறம், அடிகளைச் சாஃப்ட்வேரின் சம இடைவெளிக் கோடுகளில் (கிரிட்) ஒட்டவைக்காதீர்கள். அப்படி ஒட்டுகிற குவான்டைஸை முழுக்கப் போட்டதும் தெக்குகளுக்கு இடையே விரலால் உருட்டுகிற சின்ன அடிகள் தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும். தும்மை மட்டும் கிக்கோடு ஒட்டுங்கள், மற்றதைக் கை விழுந்த இடத்தில் விடுங்கள். ரிக் என்ற, ஜால்ரா கோத்த அரபுக் கைத்தாள வாத்தியம் கிடைக்கவில்லை என்றால் கஞ்சிரா வாசிக்கிற ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். ரிக்கில் ஐந்து இடங்களில் ஜால்ரா ஜோடிகள் இருக்கும், கஞ்சிராவில் சில்லறை குறைவு, ஆனால் கைக்கு இரண்டும் உறவு. எங்கள் ஓட்டலில் தர்புகா வாசித்த சிரியாக்காரப் பையனுக்கு ஒருநாள் நான் ஐந்து அட்சரத்துக் கண்ட சாப்பு தாளம் போட்டுக் காட்டினேன். அவன் பதிலுக்கு 3-2-2-3 என்று பத்து அட்சரத்தில் ஸமாயி தாளத்தைத் தட்டினான். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை, ஆனாலும் அன்று இரவு இரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: ஆயிரம் வருடப் பாரம்பரியத்தின் மேல் மேற்கத்திய மெஷின் சத்தத்தை ஏற்றிக் கெடுப்பது எதற்கு? பழைய பாட்டைப் பழையபடி விட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்

சார், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. கெட்டுப்போனதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மெஷினை அரபுகள் மேற்கிலிருந்து கடன் வாங்கினார்கள் என்பது முழு உண்மை இல்லை.

1944இல் கெய்ரோவில் ஹலீம் அல்-தப் என்ற இளைஞர் வானொலி நிலையத்தில் ஒரு கம்பி ரெக்கார்டரை இரவல் வாங்கினார். டேப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் மெல்லிய இரும்புக் கம்பியில் ஒலியைப் பதிவு செய்வார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஸார் என்கிற சடங்கு நடக்கிற இடத்துக்குப் போனார். பேய் பிடித்ததாக நம்பப்படும் பெண்களைப் பாட்டாலும் தாளத்தாலும் குணப்படுத்துகிற சடங்கு அது. அங்கே பதிவு செய்த குரல்களை வானொலி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து எதிரொலியும் முழக்கமும் ஏற்றி, மறுபடி மறுபடி பதிவு செய்து ஒரு புதிய படைப்பாக்கினார். பாரீஸில் பியர் ஷாஃபர் பதிவு செய்த ஒலிகளை வைத்து இசை அமைத்துப் புகழ் பெற்றது 1948இல். நாலு வருடம் முன்னால், நைல் கரையில் ஒருவர் அதைச் செய்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொருளும் தாளத்தில் மெய்மறந்து ஆடுகிற ஒரு கூட்டம்! இன்றைய டெக்னோ அரங்கில் நிற்கும்போது எனக்கு அந்தக் கம்பி ரெக்கார்டர் ஞாபகம் வரும்.

நீங்கள் கேட்ட கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள். 1932இல் மன்னர் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தது. பார்ட்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களும் வந்திருந்தார்கள். பியானோவை அரபு இசையில் சேர்க்கலாமா, ஒரு ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரித்துவிடலாமா என்றெல்லாம் கடுமையான வாதம். மாநாடு ஒரு முடிவு சொல்லும்வரை பாட்டு காத்திருக்கவில்லை. 1964இல் முஹம்மது அப்துல் வஹாப் இசையில் எகிப்தியப் பாடகி உம் குல்தூம் முதன்முதலாகப் பாடியபோது குழுவில் எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை உம் குல்தூம் கச்சேரி வானொலியில் வந்தால் அரபுத் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள், அப்பேர்ப்பட்டவர்.

1980களில் அல்ஜீரியாவில் ராய் என்கிற ஜனரஞ்சகப் பாட்டுக்கு சிந்தசைசரும் டிரம் மெஷினும் வந்தன. த்லெம்சென் ஊரில் ரஷீத், ஃபத்ஹி பாபா அஹமது என்ற சகோதரர்களின் ஸ்டுடியோவுக்கு அதில் பெரும் பங்கு. உள்நாட்டுக் கலவர நாட்களில், 1995இல், ரஷீதைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பாட்டு போட்டதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை அது. சிரியாவின் வடகிழக்கு மூலையில் ஹஸக்கே பக்கத்து உமர் சுலைமான், 1994 முதல் கல்யாணங்களில் பாடியவர். கீபோர்டில் ரிஸான் ஸயீத், மிஜ்விஸ் என்ற இரட்டைக் குழலின் கிறீச்சிடும் குரலை சிந்தசைசரில் கொண்டுவந்து தப்கே என்கிற கூட்டு ஆட்டத்துக்கு வேகம் கூட்டினார். கல்யாண வீட்டில் பதிவான கேசட்டே பிரதி எடுக்கப்பட்டுக் கடைக்குப் போகும். 2013இல் ஃபோர் டெட் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் அவருடைய ஆல்பத்தைத் தயாரிப்பதற்குள் நூற்றுக்கணக்கான கேசட்டுகள் வந்துவிட்டன.

கெய்ரோ ஓரத்துக் குடியிருப்புகளில் 2000களின் நடுவில் தொடங்கியது மஹ்ரகானாத் என்கிற தெருப் பாட்டு. மலிவான கம்ப்யூட்டர், ஆட்டோட்யூன், தெருக் கல்யாணம், தங்கள் பேட்டையின் பேச்சு. 2020 பிப்ரவரியில் எகிப்தின் இசைக்கலைஞர் சங்கம் அதை மேடைகளில் தடை செய்தது. சார், நம் கானாவைச் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். வியாசர்பாடித் தம்பிக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். இவர்கள் யாரும் பாரம்பரியத்தின் மேல் மெஷினை ஏற்றவில்லை. தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் திரட்டிப் பாடினார்கள், அப்போது கைக்குக் கிடைத்த கருவி மெஷின். கெடுப்பது எது என்று கேட்டால், மகாமின் பெயர்கூடத் தெரியாமல் மேலாக அள்ளித் தெளிப்பது. அதை நீங்கள் திட்டினால் நானும் கூட வந்து திட்டுகிறேன்.

கேள்வி: நாங்கள் திருவல்லிக்கேணி. என் அத்தா நாகூர் ஹனிபா பாட்டென்றால் உயிரை விடுவார். நான் ஒரு டெக்னோ டிராக்கில் பாங்கோசையைச் சேர்த்தேன். கேட்டதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. கலையில் இதெல்லாம் பார்க்கலாமா?
— வாசகர், திருவல்லிக்கேணி

தம்பி, அதை எடுத்துவிடுங்கள். உங்கள் அத்தா பக்கம்தான் நான். பாங்கையும் கிராஅத்தையும் மகாமில்தான் ஓதுகிறார்கள், கேட்க அவ்வளவு அழகு. ஆனால் ஓதுகிறவர்கள் அவற்றைப் பாட்டு என்று சொல்வதில்லை; பாங்கு தொழுகைக்கான அழைப்பு, கிராஅத் குர்ஆன் ஓதுதல் என்கிறார்கள். ஆடுகிற இடத்தில் அதை ஒலிக்கவிட்டால் கேட்கிறவர்களுக்கு வலிக்கும். 2017இல் துனிசியாவில் ஒரு கேளிக்கை விடுதியில் பாங்கு கலந்த டிராக்கைப் போட்ட வெளிநாட்டு டிஜேக்கு, அவர் ஊரை விட்டுப் போன பிறகு, ஓராண்டுச் சிறை விதித்தது நீதிமன்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு வலித்திருக்கிறது, அது போதாதா?

அத்தாவிடமே போய், “நாகூர் கந்தூரிக்கு வருகிற பக்கீர்சாக்கள் தாயிரா என்கிற கைப்பறை தட்டுவார்களே, அதைப் பதிவு செய்ய என்னோடு வருகிறீர்களா?” என்று கேளுங்கள். தட்டுகிறவரிடம் அனுமதி கேட்டு, எதற்கென்று சொல்லி, கையில் பணமும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பிறர் பதிவிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். எகிப்தின் பலீக் ஹம்தி இசையமைத்த 1957ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றின் சின்னத் துண்டை அமெரிக்க ராப் பாட்டொன்றில் எடுத்தாண்டதற்காக, 2007இல் தொடங்கிய வழக்கு 2018 வரை இழுத்தது. வாரிசு தோற்றுத்தான் போனார். இருந்தாலும் பதினோரு வருடம் கோர்ட்டில் யாருக்கு நிம்மதி? இந்தியாவில் இசையமைத்தவர் இறந்து அறுபது ஆண்டுவரை உரிமை உண்டு. துண்டு சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?
— வாசகி, வேளச்சேரி

பாரீஸில் 2012இல் தொடங்கிய அசிட் அராப், அம்மானில் 2013இல் உருவான 47சோல், துனிசியாவின் தீனா அப்துல்வாஹிது, இந்த மூன்று பேரிலிருந்து. 47சோல் பாலஸ்தீன வேர் உள்ளவர்கள், தங்கள் இசைக்கு ஷாம்ஸ்டெப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; தப்கே ஆட்டம் அதில் நேராகக் காலுக்கு வரும். தீனா கொஞ்சம் கடினம், மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் திறக்கும்.

அப்புறம், அம்மார் 808. சூஃபியான் பென் யூசுஃப் என்ற துனிசியாக்காரர் இந்தப் பெயரில் இசையமைக்கிறார். 808 என்பது 1980இல் வந்த ரோலண்ட் டிரம் மெஷினின் எண். முதல் ஆல்பத்தில் மக்ரிப் எனப்படும் வட ஆப்பிரிக்க நாடுகளின் பாடகர்களோடு சேர்ந்தவர், 2020இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்காக நம் சென்னைக்கு வந்து இங்கத்திய பாடகர்களோடும் தாளக்காரர்களோடும் உட்கார்ந்து பதிவு செய்தார். துனிசியாக்காரர் ஒருவர் நம்மைத் தேடி வந்து நம் பாட்டைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாமும் அதே அக்கறையோடு அவர்கள் பாட்டைக் கேட்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வியாசர்பாடித் தம்பி, டிராக் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள். முதலில் காந்தாரத்தைத்தான் கேட்பேன்.